என்க்ரோச்: ஒரே ராத்திரியில் நடக்காத ஒரு வார்த்தை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடு வெளியானதும் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஐடி வேலை, பெரும்பாலும் இரவு நேர கால்கள். மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதியிருக்காங்க: "தி லேட் கால்ஸ் ஆர் என்க்ரோச்சிங் மை பர்சனல் டைம்." அனுப்புறதுக்கு முன்னாடி கிராமர் செக்கர் நடுவுல ஒரு "ஆன்" போடச் சொல்லுது. கேள்வி ரெண்டு. ஒண்ணு, அந்த "ஆன்" தேவையா? ரெண்டு, இந்த வார்த்தையைப் படிச்சா மேனேஜர் தன்னைத் திட்டுறதா நினைச்சுக்குவாரா?

முதல் கேள்விக்கு ஒரு வரிதான் பதில். ஆமா, போடுங்க. என்க்ரோச் ஆன், இல்லேன்னா கொஞ்சம் கோட் சூட் போட்ட மாதிரி வேணும்னா என்க்ரோச் அபான். ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்த முழு எபிசோடு. ஏன்னா அந்த வார்த்தைக்குள்ள என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அது திட்டா இல்லையான்னு சொல்ல முடியும்.

முதல்ல, அந்த "ஆன்" நமக்கு மட்டும் ஏன் வழுக்கி விழுது? நம்ம ஊர் ஆங்கிலப் பேப்பரைத் திறந்தா "என்க்ரோச்ட் தி லேக்", "என்க்ரோச்ட் லேண்ட்" எல்லாம் சர்வ சாதாரணம். என் கணக்கு என்னன்னா, இது தமிழ்ல யோசிக்கிறதால வர்றது. நாம "ஏரியை ஆக்கிரமிச்சாங்க"ன்னு சொல்றோம். அந்த "ஐ" வேற்றுமை நேரா ஏரி மேல போய் ஒட்டிக்குது. அதே கம்பியை ஆங்கிலத்துல இழுத்தா "என்க்ரோச்ட் தி லேக்" வந்துடும். மத்த இந்திய மொழிக்காரங்களும் இப்படித்தான் எழுதுறாங்க, அதனால இது இந்திய ஆங்கிலத்தோட ஒரு வழக்காவே ஆயிடுச்சு. தப்புன்னு தலையில குட்ட மாட்டேன். ஆனா வெளிநாட்டு கிளையன்ட்டுக்குப் போற மெயில்னா "ஆன்" போட்டுடுங்க.

ஞாபகம் வெச்சுக்க ஒரு வழி சொல்றேன். பேச்சுத் தமிழ்ல "என் தூக்கத்து மேல கை வைக்காதீங்க"ன்னு சொல்வோம் இல்லையா? "தூக்கத்தைக் கை வைக்காதீங்க"ன்னு யாரும் சொல்றதில்லை. "மேல கை வைக்கிறது", அதுதான் என்க்ரோச் ஆன். அந்த "மேல"தான் "ஆன்".

கையை விட நெருக்கமான ஒரு படம் இந்த வார்த்தையோட வேர்லயே இருக்கு. பழைய பிரெஞ்சுல "க்ரோக்"னா கொக்கி. "என்க்ரோஷியே"ன்னா கொக்கி போட்டு மாட்டறது, பிடிச்சுக்கறது. அம்மா, அத்தை எல்லாம் குரோஷா பின்னல் போடுவாங்களே, அந்த வளைஞ்ச ஊசி, அதுவும் இதே குடும்பம்தான். குரோஷேன்னா சின்னக் கொக்கி. (காக்ரோச்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அது ஸ்பானிஷ்ல இருந்து வந்தது. ஒலி மட்டும் ஒத்துப்போகுது. சமையலறை மேடையை அது பிடிக்கிற விதத்தைப் பார்த்தா சந்தேகம் வரத்தான் செய்யும்.)

ஆங்கிலத்துக்குள்ள 14ஆம் நூற்றாண்டுல இந்த வார்த்தை நுழைஞ்சப்போ இதுக்கு "பிடிச்சுக்கறது, பறிச்சுக்கறது"ன்னுதான் பொருள். "மெதுவா"ங்கிறது பின்னாடி வந்து சேர்ந்தது. எனக்கு இதை நினைக்கும்போது தொரட்டிதான் ஞாபகம் வரும். மாங்காய் பறிக்கிற, நுனியில கொக்கி கட்டின கழி. நீங்க உங்க காம்பவுண்டுக்குள்ளயேதான் நிக்கிறீங்க. கழி மட்டும் பக்கத்து வீட்டுக் கிளைக்குப் போகுது. கேட்டா "நான் எங்க சார் உள்ள வந்தேன்?"னு சொல்லலாம். என்க்ரோச் பண்றவங்க பெரும்பாலும் சொல்றதும் இதைத்தான்.

சரி, அந்த "மெதுவா" எவ்வளவு முக்கியம்? ரெண்டு கடற்கரையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22, 23. ஒரே ராத்திரி, ஒரு புயல். ஊர் போச்சு, ரயில் போச்சு. இதை ஆங்கிலத்துல எழுதும்போது "தி சீ என்க்ரோச்ட் ஆன் தனுஷ்கோடி"ன்னு எழுதினா படிக்கிறவங்களுக்கு ஏதோ இடறும். இலக்கணம் சரி, ஆனா வார்த்தை பொய் சொல்லுது. அங்க நடந்தது அழிவு.

இப்போ தரங்கம்பாடி. கடற்கரையிலேயே மாசிலாமணி நாதர் கோயில் இருக்கு. 14ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல பாண்டியர் காலத்துல கட்டினது. கட்டினப்போ அலை தொடுற தூரத்துல கட்டியிருக்க மாட்டாங்க. நூற்றாண்டுக் கணக்குல கடல் நெருங்கி நெருங்கி வந்து, கோயிலோட முன்பகுதியை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எந்த ஒரு நாளையும் காட்டி "இன்னைக்குத்தான் நடந்தது"ன்னு சொல்ல முடியாது. இங்க "தி சீ ஹேஸ் பீன் என்க்ரோச்சிங்"னு எழுதினா கச்சிதமா உட்காரும்.

அந்த "ஹேஸ் பீன்... இங்"கையும் கவனிங்க. இந்த வினைச்சொல் தொடர்ந்து நடக்கிற காலத்தோடதான் நல்லாப் பழகும். "என்க்ரோச்சிங்" அடிக்கடி பார்ப்பீங்க. "அட் 4 பிஎம் ஹி என்க்ரோச்ட்"னு பார்க்க மாட்டீங்க.

தமிழ்ல இந்த வேறுபாடு இல்லாம இல்லை. "கடல் கொண்டது"ன்னா மொத்தமா. "கடல் அரிப்பு"ன்னா கொஞ்சம் கொஞ்சமா. அரிங்கிறது அருமையான வினை. கரையான் அரிக்கும், துரு அரிக்கும், ஒரு விஷயம் மனசை அரிக்கும். ஆனா முழுசா என்க்ரோச் ஆகிடாது. அரிச்சா அந்தப் பொருளே கரைஞ்சு போயிடுது. என்க்ரோச் பண்ணினா பொருள் அங்கயேதான் இருக்கு, கை மாறிப் போயிருக்கு. வரப்பை வெச்சுப் பார்த்தா சட்டுனு புரியும். ரெண்டு வயலுக்கு நடுவுல ஒரு வரப்பு. வருஷா வருஷம் உழவுக்கு முன்னாடி வரப்பைச் சீர் பண்றேன்னு மம்பட்டியால ஒரு பக்கம் செதுக்கி, மறுபக்கம் மண் அணைச்சா, நாலு விரக்கடை நகரும். அடுத்த வருஷம் இன்னும் நாலு. நிலம் எங்கயும் போகலை. அந்த வரப்புதான் நடந்து போயிருக்கு.

இந்த வரப்பை வெச்சே வார்த்தையைப் பிரிச்சுப் பார்க்கலாம். என்க்ரோச்னு சொல்லணும்னா ஒரு கோடு இருக்கணும். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வேற ஒருத்தருக்குச் சொந்தமா, உரியதா இருக்கணும். அப்புறம் அந்தக் கோடு மெல்ல நகரணும். இதுல ஒண்ணு இல்லேன்னாலும் வேற வார்த்தை தேடணும். கோட்டை ஒரே தடவை தாண்டிட்டா அது ட்ரெஸ்பாஸ். தமிழ்ல அத்துமீறல். "அத்து"ன்னாலே எல்லைதான், அதனால இந்த மொழிபெயர்ப்பு பக்கா. படையோட, சத்தத்தோட வந்தா இன்வேட். கதவைத் தட்டாம ரூமுக்குள்ள வந்து நிக்கிறவர் இன்ட்ரூட் பண்றார். சட்டம் எழுதி வெச்ச உரிமையை மீறினா, காப்பிரைட் மாதிரி, இன்ஃப்ரிஞ்ச்.

நம்ம துறையில ரொம்பப் புழங்குற "ஸ்கோப் க்ரீப்"பும் மெதுவா வர்றதுதானேன்னு கேட்கலாம். மெதுவா வர்றது சரி. ஆனா க்ரீப்புக்கு சொந்தக்காரர் தேவையில்லை. ப்ராஜெக்ட் ஊதிக்கிட்டே போகுது, அவ்வளவுதான். அது யாரோட இடத்தை எடுத்துக்குதுன்னு அந்தச் சொல் சொல்லாது. அதனாலதான் மீட்டிங்ல எல்லாரும் தயங்காம ஸ்கோப் க்ரீப்னு சொல்றாங்க, யாருக்கும் வலிக்காது. ஊதின அந்த ஸ்கோப் உங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து உட்காரும்போதுதான் என்க்ரோச் தேவைப்படுது.

ஒரு விதிவிலக்கு இருக்கு, கால்பந்து ரசிகர்கள் கமென்ட்ல வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். பெனால்டி கிக் அடிக்கிறதுக்கு முன்னாடியே மத்த வீரர்கள் பாக்ஸுக்குள்ள ஓடி வந்தா அதுக்குப் பேர் என்க்ரோச்மென்ட். பெனால்டி புள்ளியிலேர்ந்து 9.15 மீட்டராவது தள்ளி நிக்கணும். இங்க மெதுவாங்கிற பேச்சே கிடையாது, அரை செகண்ட் சமாச்சாரம். கோடு இருக்கு, உரிமை இருக்கு, வேகம் மட்டும் மாறிடுச்சு. ஒரு வேடிக்கை: 2024ல விதியை மாத்தினாங்க. உள்ள வந்ததால ஆட்டத்துல பாதிப்பு இருந்தாத்தான் இப்போ தண்டனை. காலை ஒரு அடி முன்னாடி வெச்சது மட்டும் குத்தமில்லை.

இப்போ அந்த மெயில். வேலை நேரம் சொந்த நேரத்து மேல வர்றதை என்க்ரோச்னு சொல்றது ரொம்பப் பொருத்தமான பயன்பாடு. யாரும் ஒரு நாள் வந்து "இனி உங்க ராத்திரி எங்களுது"ன்னு சொல்றதில்லை. முதல்ல ஒரு ரிலீஸுக்காக ஒரு நாள் ஒன்பதரை மணி கால். அப்புறம் அது வாராந்திர கால் ஆகுது. அப்புறம் காலண்டர்ல ரிக்கரிங் இன்வைட். "இடம் கொடுத்தா மடம் பிடுங்குவான்"னு நம்ம பழமொழி சொல்றது இதைத்தான். என்னைக் கேட்டா, என்க்ரோச்சுக்கு தமிழ்ல இருக்கிற மிகச் சிறந்த விளக்கம் அந்தப் பழமொழிதான். இடம் கொடுத்தது நாம, பிடுங்கினது அவங்க, நடுவுல எப்போ மாறிச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

மேனேஜர் கோபப்படுவாரா? வாக்கியத்தோட எழுவாயைப் பாருங்க. நேயர் எழுதினது "தி லேட் கால்ஸ்". கால்கள்தான் என்க்ரோச் பண்ணுது, மேனேஜர் இல்லை. ஆங்கிலத்துல இந்த வினைக்கு ஆள் தேவையில்லை. கடல், பாலைவனம், இருட்டு, களைச்செடி, வேலை எல்லாமே எழுவாயா வரலாம். அதனால மரியாதையா ஒரு விஷயத்தைச் சொல்ல இது வசதி. "யூ ஆர் என்க்ரோச்சிங்"னு எழுதினா மட்டும் நேரா சட்டையைப் பிடிக்கிற மாதிரி. ஆனா எப்படி எழுதினாலும் இந்த வார்த்தை மென்மையானது இல்லைங்கிறதை மறக்க வேண்டாம். "இது எனக்குச் சொந்தமான பக்கம், இங்க ஒரு கோடு இருந்தது, அது நகர்ந்திருக்கு"ன்னு அந்த ஒரு வினை சொல்லிடுது. புகார்தான். ஆதாரத்தோட, நிதானமான குரல்ல வைக்கிற புகார்.

பிரச்சினை எங்கன்னா, கோடு எங்க இருந்ததுன்னு கேட்டா நம்மள்ல பல பேரால காட்ட முடியாது. ஆஃபர் லெட்டர்ல "தேவைப்படும்போது கூடுதல் நேரம்"னு ஒரு வரி இருக்கும். வேலை நேரம் ஆறு மணிக்கு முடியுதுன்னு யாரும் எழுதித் தரலை. கோடே போடாத இடத்துல வரப்பு நகர்ந்ததுன்னு எப்படிச் சொல்றது? சில நாடுகள்ல சட்டமே கோடு போடச் சொல்லுது. பிரான்ஸ்ல 2017 ஜனவரியிலேர்ந்து, 50 பேருக்குக் குறையாம இருக்கிற நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே ஊழியர் தொடர்புல இல்லாம இருக்கிற உரிமையைப் பத்தி அவங்க பிரதிநிதிகளோட பேசியாகணும். ஆஸ்திரேலியாவுல 2024 ஆகஸ்ட்லேர்ந்து, நியாயமான காரணம் இல்லாம வர்ற காலை எடுக்க மறுக்கலாம். அந்த மெயிலை அனுப்பப் போறீங்கன்னா ஒரு வரி சேர்த்துக்கங்க: எத்தனை மணிக்கு மேல, வாரத்துல எத்தனை நாள். அந்த வரிதான் எல்லைக்கல்.

அரசியல்லயும் இதே கணக்கு. அமெரிக்காவோட அரசியலமைப்பை ஏத்துக்கலாமான்னு விர்ஜீனியாவுல 1788 ஜூன்ல நடந்த விவாதத்துல ஜேம்ஸ் மேடிசன் பேசினார். மக்களோட சுதந்திரம் திடீர் வன்முறையால பறிபோனதை விட, அதிகாரத்துல இருக்கிறவங்க சத்தமில்லாம, படிப்படியா எடுத்துக்கிட்டதாலதான் அதிகம் பறிபோயிருக்குங்கிறது அவர் வாதம். அந்தச் சத்தமில்லாத எடுத்துக்கலுக்கு அவர் போட்ட வார்த்தை என்க்ரோச்மென்ட்ஸ்.

இனி நிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுல இந்த ஆங்கில வார்த்தை உண்மையில ஓடுறது அங்கதான்.

செய்தித்தாள் தமிழ்ல என்க்ரோச்மென்ட்னா ஆக்கிரமிப்பு. இந்தச் சொல் சமஸ்கிருதத்துல "க்ரம்"ங்கிற வேர்லேர்ந்து வருது. அடி எடுத்து வைக்கிறதுன்னு பொருள். "வரிசைக்கிரமம்"ல இருக்கிறதும் அதுதான். வரிசை கெட்டா அக்கிரமம். சுவாரசியம் என்னன்னா, ஹிந்தியில "ஆக்ரமண்"னா படையெடுப்பு, தாக்குதல். நிலத்தைக் கொஞ்சமா வளைச்சுப் போடுறதுக்கு அவங்க "அதிக்ரமண்"னு வேற சொல் வெச்சிருக்காங்க. நாம ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டோம். ஒரு நாட்டு ராணுவம் இன்னொரு நாட்டைப் பிடிச்சாலும் ஆக்கிரமிப்பு. பிளாட்பாரத்துல ஒருத்தர் இட்லிக் கடை போட்டாலும் ஆக்கிரமிப்பு. அந்த மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாங்கிற பாகம் தமிழுக்கு வரும்போது உதிர்ந்துடுச்சு.

மொழிபெயர்த்தவங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 1905ல மதராஸ் மாகாணத்துல ஒரு சட்டம் வந்தது, இன்னைக்கும் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம்னு நடைமுறையில இருக்கு. தலைப்புல என்க்ரோச்மென்ட். ஆனா உள்ள படிச்சா, அரசு நிலத்தை "அனுமதியில்லாம அனுபவிக்கிற" ஆளைப் பத்தித்தான் பேசுது. எப்படி வந்தார், எவ்வளவு நாளா வந்தார்னு அது கவலைப்படலை. இப்போ உள்ள இருக்கீங்களா, இல்லையா, அவ்வளவுதான். சட்டத்துக்கு அது போதும். தாசில்தார் ஆபீஸ்ல பி மெமோன்னு ஒண்ணு கொடுப்பாங்க, அது இந்தச் சட்டப்படி அபராதம் கேட்கிற நோட்டீஸ். இதுல ஒரு முரண் இருக்கு. பல குடும்பங்கள் அந்த பி மெமோவை டிரங்குப் பெட்டியில பத்திரமா வெச்சிருப்பாங்க. "பாருங்க, இத்தனை வருஷமா நாங்க இங்கதான் இருக்கோம்"னு பட்டா கேட்கும்போது காட்ட அதுதான் ஆதாரம். ஆக்கிரமிப்புன்னு சொல்ற காகிதமே குடியிருப்புக்குச் சாட்சி.

காலம் எவ்வளவு பெரிய விஷயம்னு இன்னொரு சட்டத்துக்கு நல்லாத் தெரியும். 1963ஆம் வருஷ காலவரையறைச் சட்டம். தனியார் நிலத்தை ஒருத்தர் வெளிப்படையா, தொடர்ச்சியா, உரிமையாளருக்கு எதிரா 12 வருஷம் அனுபவிச்சா, உரிமையாளர் அதுக்கப்புறம் மீட்கக் கேட்கிற உரிமையை இழக்கலாம். அரசு நிலம்னா 30 வருஷம். அதாவது நாலு விரக்கடை வரப்பைப் பார்த்தும் பேசாம இருந்தா, ஒரு கட்டத்துல அந்த மௌனமே பத்திரம் ஆயிடுது.

பள்ளிக்கரணைக்கு வாங்க. ஓஎம்ஆர்ல வேலை பார்க்கிறவங்க தினமும் கடந்து போற சதுப்பு நிலம். ஒரு காலத்துல பல ஆயிரம் ஹெக்டேர். 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்தப்போ பதிவான பரப்பு ஏறத்தாழ 1,250 ஹெக்டேர். இடையில என்ன நடந்தது? பெருங்குடி குப்பைமேடு வந்தது. துரைப்பாக்கம் பல்லாவரம் ரேடியல் ரோடு குறுக்கே போச்சு. ரயில் நிலையம், கல்வி நிறுவனம், அலுவலகக் கட்டடம், அடுக்குமாடி. ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பார்த்தா ஒரு நல்ல காரணம் இருக்கும். அகராதிப்படி என்க்ரோச்மென்ட்டுக்கு இதை விடச் சரியான உதாரணம் கிடைக்காது. கோடு, சொந்தம், மெதுவான நகர்வு, மூணும் இருக்கு. ஆனா இதுல பெரும்பகுதியை நாம அந்தப் பேர்ல கூப்பிடறதில்லை. வளர்ச்சி, விரிவாக்கம், காரிடார்னு கூப்பிடறோம்.

ஆக்கிரமிப்பாளர்ங்கிற பேர் வேற பக்கம் போகுது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம், அடையாறு, கூவம் கரையில குடிசை போட்டிருந்த குடும்பங்களை ஆத்து ஆக்கிரமிப்பாளர்னு சொல்லி அப்புறப்படுத்தினாங்க. கரையில இருக்கிறது அவங்களுக்கே ஆபத்துங்கிறது உண்மை, அதை மறுக்கலை. பல குடும்பங்களுக்கு வீடு கொடுத்த இடம் பெரும்பாக்கம். பெரும்பாக்கம் எங்க இருக்கு? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துல, மழை வந்தா தண்ணி நிக்கிற தாழ்வான பகுதியில. ஆத்தோட இடத்துல இருந்ததா சொல்லி எடுத்தவங்களை, தண்ணியோட இன்னொரு இடத்துக்குப் பக்கத்துல கொண்டு போய் வெச்சிருக்கோம். அந்த அடுக்குமாடிகளைக் கட்டினவங்களுக்கு யாரும் பி மெமோ கொடுக்கலை.

அதனால அடுத்த தடவை "ஆக்கிரமிப்புகள் அகற்றம்"னு தலைப்பு பார்த்தீங்கன்னா, அந்த இடத்தோட பழைய சேட்டிலைட் படத்தையும் திறந்து பாருங்க. கூகுள் எர்த்ல வருஷத்தைப் பின்னாடி தள்ளுற ஸ்லைடர் இருக்கு, இலவசம்தான். பள்ளிக்கரணையைப் போட்டு, அந்த ஸ்லைடரை 2000லேர்ந்து மெதுவா இழுங்க. எந்த வருஷத்துல நிறுத்தினாலும் முந்தின வருஷத்தை விடப் பெருசா ஒண்ணும் மாறின மாதிரி தெரியாது.

அடுத்த எபிசோடு, "ட்ரெஸ்பாஸ்". சர்ச் பிரார்த்தனையிலும் கேட் போர்டுலயும் ஒரே வார்த்தை எப்படி வந்ததுன்னு பேசலாம். அந்த மெயில் அனுப்பின நேயர், என்ன பதில் வந்ததுன்னு வாய்ஸ் நோட் போடுங்க. ஒன்பதரை மணிக்கு முன்னாடி.